செண்பகமாலையின் பிரசவம் விஷயமாக

நாகரசம்பட்டி,
1957, மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி தீர்த்தகிரிக்கு, உன் அக்காள் புருஷன் நாராயணப்பன் மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. பெருமாள் கிருபையால் இங்கே கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதற்கும் குறைவில்லை. சென்னப்பட்டணத்தில் நீயும், உன் இஸ்திரிப் பெட்டியும், உன் கையால் உடுப்பு மாட்டிக்கொள்ளும் ராஜாக்கள், மந்திரிகள், சேனாபதிகள் சகலரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாந்தோப்பு நன்றாகப் பூத்திருக்கிறது. பொங்கலுக்கு வந்தபோது நீ இளைத்துப்போயிருந்தாய் என்று உன் அக்காள் பூவம்மாள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சேதி இரண்டு இருக்கிறது. நல்லதை முதலில் சொல்கிறேன். உன் அக்காள் மகள் சாந்தம்மாவுக்கு மாசம் நிறைந்துவிட்டது. மருத்துவச்சி கெம்பம்மா தினம் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்து, தலை திரும்பிவிட்டது, பயமில்லை என்கிறாள். இனிக் கெட்ட சேதி. உங்கள் கம்பெனி எடுத்த ‘கருடகிரி வீரன்’ மூன்றாம் பாகத்தை நான் ஓசூரில் பார்த்துவிட்டேன்.

உடனே நீ, ‘மாமா, நான் உடுப்பறையில் துணி தேய்க்கிறவன், கதைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்’ என்று பதில் எழுதுவாய். எழுதாதே. அது எனக்குத் தெரியும். கதை எழுதுகிறவர் யார், அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா என்பதெல்லாம் நான் அறியேன். ஆனால் கதாநாயகன் உக்கிரவர்மனுக்கு இடுப்புக் கச்சை கட்டிவிடுகிற தூரத்தில் நிற்கிறவன் எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் நீ ஒருவன்தான். கச்சையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டால் எந்த ராஜாவும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். விஷயத்தை வரிசையாகச் சொல்கிறேன், நிதானமாகப் படி.

முதல் பாகம் நம் ஊர் ஆஞ்சப்பனின் சினிமாக் கொட்டாய்க்கு வந்தபோது நீ இங்கேதான் இருந்தாய். அதில் தாய்தகப்பன் இரண்டு பேரையும் துஷ்ட மந்திரிக்குப் பறிகொடுத்த செண்பகமாலைக்கு உக்கிரவர்மன் ஆலமரத்தடியில் மஞ்சள் கயிறு கட்டினான், ஊரே சொந்தக் கல்யாணம் மாதிரி அட்சதை தேடியது. இரண்டாம் பாகம் போன சித்திரையில் வந்தது, அப்போது நீ பட்டணம் போய்விட்டாய், அதனால் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. படம் முடிகிறபோது செண்பகமாலை ஏழு மாசம், காட்டுக் குடிசையில் தனியாக நிற்கிறாள், உக்கிரவர்மன் குதிரை மேலிருந்து, ‘குழந்தைக்குப் பெயர் வைக்க வந்துவிடுவேன்’ என்று சொல்லிவிட்டு யுத்தத்துக்குப் போகிறான், உடனே வணக்கம் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் எழுந்திருக்கவில்லை. நம் பக்கத்து வீட்டு வெங்கடம்மாள் மட்டும் எழுந்து நின்று, “ஏழு மாசத்துப் புள்ளத்தாச்சிக்கு ஒரு வளையலு போட நாதி இல்லாம காட்டுல உட்டுட்டுப் போறானே, இவனெல்லாம் ஒரு ஆம்பளயா?” என்று கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? மறுநாள் சாயங்காலம் பெண்டுகள் எல்லாரும் தட்டில் வளையல், மஞ்சள், பூ, ஐந்து வகைச் சோறு எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போய்விட்டார்கள். திரைத்துணி கட்டியிருக்கிற மூங்கிலுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, கயிற்றில் கோத்த கண்ணாடி வளையலை அதில் மாட்டி, முறைப்படி வளைகாப்புப் பாட்டுப் பாடினார்கள். ஆஞ்சப்பன், “கற்பூரம் மட்டும் வேணாம் தாயே, துணி எரிஞ்சா எம் பொழப்பு போச்சு” என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ஓரமாக நின்றான்.

வளைகாப்பு வளையலில் ஒன்றை, பிள்ளை வேண்டுகிறவள் கையில் போடுவது நம் பக்கத்து வழக்கம் அல்லவா? கெம்பம்மா அந்த மூங்கிலிலிருந்து ஒரு பச்சை வளையலைக் கழற்றி, அப்போது இங்கே வந்திருந்த சாந்தம்மாவின் கையில் போட்டாள். அதற்கு முந்தின வருஷம் சாந்தம்மாவுக்கு ஐந்தாம் மாதத்தில் கலைந்தது உனக்குத் தெரியும். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அவளும் அழவில்லை, பேசவில்லை, அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். வளையல் போட்டுக்கொண்ட அன்றைக்குத்தான் அந்த முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தேன். ஆனி பிறந்ததும் நல்ல சேதி வந்தது. அந்த வளையல் இன்னும் அவள் கையில் இருக்கிறது. செண்பகமாலை நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தால் தானும் பிழைப்பாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். யார் சொல்லியும் அதை மாற்ற முடியவில்லை, எனக்கும் மாற்ற மனம் வரவில்லை, ஏனென்றால் அந்தத் தைரியத்தில்தான் அவள் இந்த மாசம் வரைக்கும் வந்திருக்கிறாள்.

இப்படியிருக்க, பெற்றவளுக்குப் பால் வேண்டுமே என்று ஒரு கறவை மாடு பிடித்துவர ஓசூர் சந்தைக்குப் போனேன். முதல் நாளே போய்விட்டதால் சாயங்காலம் சும்மா தெருவில் நடந்தேன், அங்கே மூன்றாம் பாகத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது. உக்கிரவர்மன் ஒரு பெண்ணின் தோளில் கை போட்டிருந்தான். அது செண்பகமாலை இல்லை. தங்கச்சியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கிவிட்டேன்.

தங்கச்சி இல்லை, தீர்த்தகிரி. நந்தவனத்தில் ஒரு இளவரசி, அவளைச் சுற்றிச் சுற்றி இவன் பாட்டுப் பாடுகிறான். காட்டில் ஏழு மாசத்தோடு நிறுத்திவிட்டு வந்தவளைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. “டேய் உக்கிரவர்மா, உம் பொண்டாட்டி எங்கடா?” என்று யாரோ கத்தினார்கள், அது நான்தான் என்று பிறகு தெரிந்தது. பின்னாலிருந்த ஒருவர் கன்னடத்தில், “யஜமான்ரே, கூத்கொள்ளி!” என்று உட்காரச் சொல்லி என் துண்டைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் ஒரு தெலுங்குக்காரர், புளி வியாபாரி, நல்ல மனுஷர், என் தோளைத் தட்டி, தலைப்பிரசவம் அல்லவா, அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள், உட்காருங்கள் என்றார். அடடா, இது நமக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெண்டாட்டி வீட்டில் இல்லையென்றால் வேறு எங்கே இருப்பாள்? ஆனால் அவளுக்குத்தான் அம்மா கிடையாதே என்றேன். சித்தி இருப்பாள் என்றார். சரி என்று உட்கார்ந்தேன். அடுத்த நிமிஷம் அந்தப் படுபாவி இளவரசியின் கையைப் பிடித்து, ‘என் வாழ்வில் இதுவரை எந்தப் பெண்ணின் நிழலும் விழுந்ததில்லை’ என்றான். இந்தத் தடவை புளி வியாபாரியும் எழுந்துவிட்டார். கன்னடக்காரர் எங்கள் இரண்டு பேர் துண்டையும் சேர்த்து இழுக்கவேண்டியதாகிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் குற்றமாகவே பட்டது. முதல் பாகத்தில் அவன் குதிரை வெள்ளை, இப்போது செம்மண் நிறம். குதிரைக்கும் வயசாகும், ஆனால் சிவக்குமா? வலது கன்னத்தில் இருந்த வெட்டுத் தழும்பு இடது கன்னத்துக்குக் குடிமாறிவிட்டது. அவன் தாயாருக்கு இரண்டாம் பாகத்தில் அம்மன் சந்நிதியில் கண் வந்ததே, அதற்காக வெங்கடம்மாள் நம் ஊர் மாரியம்மனுக்குத் தேங்காய்கூட உடைத்தாளே, அந்த அம்மாள் மறுபடியும் குருடியாக வந்து தூணைத் தடவுகிறாள். மலையுச்சியிலிருந்து உருண்டு செத்த துஷ்ட மந்திரி வெற்றிலை போட்டுக்கொண்டு சபையில் உட்கார்ந்திருக்கிறான், ‘நீ செத்தவனாயிற்றே’ என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். குதிரைக்காக நாங்கள் அழவில்லை. செண்பகமாலைக்காக அழுதோம். அழவைத்தவனுக்கு அந்த அழுகையின் மேல் ஒரு மரியாதை வேண்டாமா? முன்பு பார்த்தவர்கள் எல்லாரும் செத்துப்போய்விட்டோம் என்று நினைத்தா அடுத்ததை எடுக்கிறார்கள்? நாங்கள் இங்கேதான் இருக்கிறோம், எங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் சந்தையில் என் புத்தி என்னிடம் இல்லை. பல்லைப் பார்க்கச் சொன்னால் கொம்பைப் பார்த்தேன். மாட்டுக்காரர், “பெரியவரே, மாடு வாங்க வந்தீங்களா, இல்ல சண்டை பிடிக்க வந்தீங்களா?” என்று கேட்டார். மாடில்லாமல் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அக்காள், “மாடு எங்கீங்க?” என்றாள். சாந்தம்மா மாட்டைக் கேட்கவில்லை. என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த, ஓசூர் கொட்டகையில் வாங்கிய பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து வந்து, “அப்பா, படம் பாத்தியா? அவளுக்குக் கொழந்த பொறந்துச்சா?” என்றாள். கேட்கும்போதே அந்தப் பச்சை வளையலைப் பிடித்துக்கொண்டாள். நீ என் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? “பொறந்துச்சும்மா” என்று சொல்லிவிட்டேன்.

அங்கே பிடித்தது சனி. “ஆணா, பொண்ணா?” என்றாள். ஆண் என்றால் பட்டாபிஷேகம் எங்கே என்று கேட்பார்கள், வம்பு வேண்டாம் என்று பெண் என்றேன். “எங்க பொறந்துச்சு?” சித்தி வீட்டில் என்றேன். “யாரு பாத்தாங்க?” ஒரு மருத்துவச்சி என்றேன். இதற்குள் கெம்பம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டாள், மருத்துவச்சி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். “ஹௌதா, நெஜமாவா? சினிமாவுல மருத்துவச்சிய காட்டுறாங்களா? எப்படி இருந்தா?” என்றாள். வயசானவள், வெற்றிலை போட்டிருந்தாள், கைராசிக்காரி, ராஜாவே எழுந்து நின்று அவளைக் கும்பிட்டான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கெம்பம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். ஜவளகிரிக் காட்டோரத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள், இத்தனை வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியவள், அவளை யார் எழுந்து நின்று கும்பிட்டார்கள்? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே பெண்டுகள் கூட்டமாக வந்து, ஆரம்பத்திலிருந்து சொல்லு என்றார்கள். சொன்னேன். பிரசவ வலி வந்தபோது இடி இடித்தது, மழை கொட்டியது, மூன்று தேசத்துக் கோயில் மணியும் தானாக அடித்தது. கதை எழுதுவது இவ்வளவு சுலபம் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது, உங்கள் கம்பெனிக்காரருக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

எல்லாரும் போனபிறகு சாந்தம்மா மெல்லிய குரலில் இன்னொன்று கேட்டாள். “கொழந்தயப் பாக்க அவரு வந்தாராப்பா?” உக்கிரவர்மனைத்தான் கேட்டாள். சேதி கேட்டதும் குதிரையில் பறந்து வந்தான் என்றேன். “வந்தாரா” என்று ஒரு தரம் சொல்லிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அத்தனை பொய்யிலும் அது ஒன்றைச் சொன்னதற்குத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை கோவிந்தப்பன் ஏழாம் மாசத்தில் அவளை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டு பெங்களூருக்குப் போனவர்தான், பொங்கலுக்குக்கூட வரவில்லை. ஃபாக்டரியில் ஓவர்டைம், போர்மேன் லீவு கொடுக்கவில்லை, நலம் என்று கார்டு மட்டும் வருகிறது. நல்ல பையன்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெண்டாட்டியை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு நந்தவனத்தில் ஆடுகிறவனை என் மகள் இந்த நேரத்தில் பார்க்கவேண்டுமா? எனக்கு இருப்பது ஒரே பெண், தீர்த்தகிரி. அவள் மனசு நொறுங்கினால் உடம்பு என்ன ஆகும்?

ஏனென்றால் படம் இங்கேயும் வந்துவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை ஆஞ்சப்பன் கொட்டாயில் போடுகிறான், தமுக்கு அடித்தாகிவிட்டது. நேரே அவனிடம் போய், வேறு படம் போடு என்றேன். “படப் பொட்டி கிருஷ்ணகிரிக்கு வந்துடுச்சுங்கண்ணா. அதுவுமில்லாம நீங்க சொன்ன பிரசவத்தப் பாக்க ஊத்தங்கரையிலருந்துகூட வண்டி கட்டினு வராங்களாம்” என்றான். நந்தவனத்தையாவது வெட்டிவிடு என்றேன். வெட்டினால் மிச்சம் சண்டைதான் இருக்கும், ஜனங்கள் கொட்டாயைப் பிய்த்துவிடுவார்கள் என்றான். சாந்தம்மாவை உள்ளே விடாதே என்றேன். “மூங்கிலுக்கு மஞ்ச பூசுன பொண்ணுங்கண்ணா, அத நான் எப்படித் தடுக்கறது?” என்று அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனும் நல்லவன்தான், இந்த விஷயத்தில் எல்லாரும் நல்லவர்களாக இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே நீ செய்யவேண்டியது இதுதான். செண்பகமாலையாக நடித்த அம்மாளுக்கும் கம்பெனிக்கும் மனஸ்தாபம், அவர் போய்விட்டார் என்று நீ பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். போகட்டும். நடிக்கிற அம்மாள் போனால் செண்பகமாலையும் போய்விடவேண்டுமா? நம் ஊரில் பூசாரி மாறினால் மாரியம்மனும் மாறிவிடுகிறாளா? நான் புதுப் படம் எடுக்கச் சொல்லவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் பீடிக்கும் சோப்புக்கும் விளம்பரமாகக் கண்ணாடி சிலைடு காட்டுகிறார்களே, அதுபோல ஒரே ஒரு சிலைடு. ‘செண்பகமாலைக்குச் சுகப்பிரசவம் ஆகிவிட்டது, தாயும் சேயும் நலம்’ என்று நல்ல எழுத்தில் எழுதி, கீழே கம்பெனி பெயரைப் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பஸ்ஸில் கொடுத்தனுப்பச் சொல். அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் அவன் எந்த நந்தவனத்தில் ஆடினாலும் என் மகளுக்குக் கவலையில்லை. முதலாளி மறுத்தால் கதை எழுதுகிறவரின் காலில் விழு. அவரும் மறுத்தால் நீயே எழுதிவிடு, உன் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும். தாய்மாமன் சீராக நீ கொண்டுவந்த பட்டுப்புடவை அழகாக இருந்தது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு இப்போது வேண்டியது உன்னிடமிருந்து இந்த ஒரு வரிதான்.

உன் அக்காள் உன்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். பட்டணத்து ஓட்டலில் காரம் சாப்பிடவேண்டாம் என்றாள். உனக்குச் சீக்கிரம் ஒரு நல்ல இடத்தில் பெண் அமைந்து, உன் மாமியார் வீடு பஸ் வசதியுள்ள ஊராக இருக்கவேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். கம்பெனியில் எல்லாருக்கும் என் நமஸ்காரம், உக்கிரவர்மனுக்கு மட்டும் கிடையாது.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள மாமா,
நாராயணப்பன்.

பின்குறிப்பு: இதை அன்றைக்குத் தபாலில் சேர்க்கவில்லை. சேர்க்க முடியாமல் போய்விட்டது. கிழித்துப்போடலாம் என்றால் இவ்வளவு எழுதிய கைக்கு மனம் வரவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன். ஆனால் மேலே சொன்னதில் எதையும் செய்யாதே. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை மட்டும் செய்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டு உறையைத் தேடும்போது வாசலில் மாப்பிள்ளை நிற்கிறார். கையில் தகரப் பெட்டி, மீசையெல்லாம் பஸ் புழுதி. “வாங்க மாப்ள” என்றேன், வாய்தான் சொன்னதே தவிர எனக்கு ஒன்றும் ஓடவில்லை. லீவு கொடுத்தார்களா என்று கேட்டேன். “கொடுக்கலீங்க மாமா. நானே வந்துட்டேன். போர்மேன் வேலயவுட்டு நிறுத்துனா நிறுத்தட்டும்” என்றார். ஏன் திடீரென்று என்று கேட்டேன். தகரப் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார்: “ஷிப்ட் முடிஞ்சு அந்த மூணாம் பாகத்துக்குப் போயிருந்தேங்க. அந்தாளு, எந்தப் பொண்ணு நெழலும் விழுந்ததில்லன்னு சொன்னான் பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. கொட்டாயில இருந்தவன் எல்லாம் என்னயே திரும்பிப் பாக்கற மாதிரி இருந்துது. பாதியில எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன்.”

நான் அவர் வாயைப் பொத்தப் போனேன். ஆனால் சாந்தம்மா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். படத்தில் செண்பகமாலையே இல்லை என்பது தெரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்து, “அப்பா, மூணு தேசத்துக் கோயில் மணியும் அடிச்சுதுன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்” என்றாள். பயமில்லையா அம்மா என்று கேட்டேன். “படம் எடுக்கறவங்க மறந்துட்டா அவ இல்லாமப் போயிடுவாளா? எங்கியோ பெத்துகினு நல்லாத்தான் இருப்பா. வளையலு போட்டது அவங்க இல்லயே, நாமதானே? நாம நெனச்சுக்குனா போதும்” என்றாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் தகரப் பெட்டியை இன்னும் கீழே வைக்கவில்லை. “உள்ள வாங்க, தண்ணி வெச்சித் தரேன், மூஞ்சியக் கழுவுங்க” என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். அந்தக் குரலை நான் வெகு நாளாகக் கேட்கவில்லை. உன் அக்காள் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், நானும் மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதேன், அங்கே மாடு இல்லாதது சௌகரியமாக இருந்தது.

ஆகையால் உன் முதலாளியிடம் குறை ஒன்றும் சொல்லாதே. அவர்கள் செண்பகமாலையைச் சரியாக ஞாபகம் வைத்திருந்தால் மாப்பிள்ளை இன்னும் பெங்களூரில் கார்டு எழுதிக்கொண்டிருப்பார். நம் பேரில் ஒரு நமஸ்காரம் சொல்லிவிடு. வேண்டுமானால் உக்கிரவர்மனுக்கும்.

இதற்குப் பிறகும் தபாலுக்குப் போக நேரமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே கொட்டாய்க்குப் போனது, சாந்தம்மாவுக்கு வலி கண்டதால் நாங்கள் போகவில்லை. கெம்பம்மாவும் போகவில்லை, எழுந்து நின்று கும்பிடப்போகிற ராஜாவைப் பார்க்காமல் இங்கே வந்து உட்கார்ந்தாள். இடி இடிக்கவில்லை, மழையும் இல்லை. தாயும் பிள்ளையும் சுகம். பையன். நான் ஊரில் சொன்னது பெண், ஆனால் பாகத்துக்குப் பாகம் கொஞ்சம் மாறத்தான் செய்யும், இதைப் பெரிதுபடுத்தக்கூடாது. மாப்பிள்ளை வாசலில் நின்றவர், கெம்பம்மா பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்ததும், என்ன நினைத்தாரோ, பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்த நேரத்தில் முதல் ஆட்டம் விட்டுவிட்டது. பெண்டுகள் கூட்டம் நேரே நம் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது, முன்னால் வெங்கடம்மாள், அவள் கையில் துடைப்பம் இல்லையே தவிர மற்றெல்லாம் இருந்தது. “யோவ் நாராயணப்பா, நீ சொன்ன பிரசவம் எங்கய்யா?” என்று கத்தினாள். உள்ளே இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றேன். வெங்கடம்மாள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொருவராகக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள்.